கயத்தாறுக்கு வராத ஆகாயக் கப்பல்

பாளையங்கோட்டையில் காட்சித் தொடர்பியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, டீசல்பங்க் என்றால் சரியாக என்ன? ஸ்டீம்பங்க்கில் பித்தளையை எடுத்துவிட்டு இரும்பைப் போட்டால் போதுமா? வரைய உட்கார்ந்தால் கை தானாக நியூயார்க்கைத்தான் வரைகிறது. நம்ம திருநெல்வேலிச் சீமையை வைத்து ஒரு சித்திரக்கதை செய்ய ஆசை. பொருந்துமா, இல்லை ஒட்டவைத்தது மாதிரித் தெரியுமா?"

பொருந்தும் தம்பி. நன்றாகவே பொருந்தும். (புதிதாகக் கேட்கிறவர்களுக்கு: ஸ்டீம்பங்க் நீராவி இயந்திரக் காலத்தை வைத்தும், டீசல்பங்க் டீசல் இஞ்சின் காலத்தை வைத்தும் செய்கிற கற்பனை உலகம்.) ஏன் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு ஆயில் இஞ்சின் வேண்டும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் அப்பா ஆயில் இஞ்சின் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். நான் இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பின்னணிக் காட்சிகள் வரைகிறேன். இயந்திரத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டது அந்தப் பட்டறையில்தான். வயல் கிணற்று மேட்டில் ஒரு ஓட்டுச் சாய்ப்பு இருக்கும். உள்ளே ஒற்றை சிலிண்டர் இஞ்சின், அதன் பக்கத்தில் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம். அப்பா முதலில் சிலிண்டர் தலையில் இருக்கிற சின்ன லீவரைத் தூக்கிவிடுவார். வால்வு திறந்தே நிற்கும், உள்ளே காற்று அமுங்காது, சக்கரம் லேசாகச் சுற்றும். ஹேண்டிலை மாட்டிச் சுற்றுவார். பத்துச் சுற்றில் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிடும். சக்கரம் நல்ல வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிடுவார். ஒரு நொடி எல்லாமே நின்றுவிடப் போகிற மாதிரி இழுக்கும். அப்புறம் 'டுப்'. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கப் புகைக்குழாய் வாயில் கவிழ்த்திருந்த தகரக் குவளை எகிறிப்போய் வரப்பில் விழும். அதைப் பொறுக்கி வருவது என் வேலை. இன்னொரு 'டுப்'. கறுப்புப் புகை வளையம் ஒன்று தென்னை ஓலைகளைத் தாண்டி மேலே போகும். குழாயில் தண்ணீர் வந்து தொட்டியில் விழும்வரை யாரும் பேசமாட்டார்கள்.

டீசல்பங்க்கை நான் அந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் புரிந்துகொண்டேன். அந்த இஞ்சினில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். ஆளின் உடம்புப் பலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அது ஓடும். கொஞ்சம் ஏமாந்தால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். ஓடிவிட்டால் நாலு குடும்பத்துக்குச் சோறு போடும். பயமும் நம்பிக்கையும் ஒரே இரும்பில் இருக்கும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு வரைகிற படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு டீசல்பங்க்காகத் தெரியாது.

அந்த இஞ்சினில் தீப்பொறி போடுகிற பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு அமுக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய இஞ்சின், எரிபொருளில் இருக்கிற சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அன்றைய சாதாரண நீராவி இஞ்சின்கள் பத்துப் பங்கைத் தொடவே திணறிக்கொண்டிருந்தன. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. செக்கில் ஆட்டுகிற அதே கடலை எண்ணெய்தான். டீசலின் முடிவு சோகமானது. 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவரைக் காலையில் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. அடுத்த வருடமே முதல் உலகப்போர். அவருடைய இஞ்சின் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஏறி உட்கார்ந்து போருக்குப் போனது.

இனி அந்தப் பெயர். கம்ப்யூட்டர் ஆட்டிப்படைக்கிற எதிர்காலத்தைச் சொல்கிற கதைகளுக்கு 1980-களில் 'சைபர்பங்க்' என்ற சொல் வந்தது. அதைப் பார்த்து 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர், விக்டோரியா ராணி காலத்தை வைத்து எழுதப்பட்ட அறிவியல் கதைகளுக்கு 'ஸ்டீம்பங்க்' என்று பெயர் வைத்தார். 2001-ல் லூயிஸ் பொலாக் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் தன்னுடைய விளையாட்டை விவரிக்க 'டீசல்பங்க்' என்றார். ஆக, பெயருக்கு வயது கொஞ்சம்தான். அது குறிக்கிற காலம், முதல் உலகப்போர் முடிந்ததிலிருந்து சுமார் 1950 வரை. அந்த முப்பது வருடத்து மனிதர்கள் 'நாளைக்கு இப்படித்தான் இருக்கும்' என்று எதைக் கனவு கண்டார்களோ, எதை நினைத்து நடுங்கினார்களோ, அது நிஜமாகவே நடந்திருந்தால்? இந்தக் கேள்விதான் இந்த வகை முழுவதும்.

பழைய காலத்தின் எதிர்காலம் என்றால் நம்மவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இல்லை. காசியில் புலவர்கள் பேசுவதைக் காஞ்சியில் இருந்து கேட்க ஒரு கருவி செய்வோம் என்று எட்டயபுரத்து பாரதி பாடினார். அவர் இறந்தது 1921-ல். மதராஸில் ரேடியோ கிளப் தொடங்கியது 1924-ல். தான் கண்ணால் பார்க்காத ரேடியோவை அவர் கவிதையில் கேட்டுவிட்டார். அந்தக் கருவி அவர் மனதில் எப்படி இருந்திருக்கும்? அதற்கு வீணைக்குடம் இருந்ததா, சங்கு மாதிரி வாய் இருந்ததா? அதை வரைந்து பாருங்கள். பழைய எதிர்காலத்தை வரைவது என்றால் அதுதான்.

நீங்கள் கேட்ட ஸ்டீம்பங்க் வித்தியாசத்துக்கு வருகிறேன். பித்தளை, இரும்பு என்பதெல்லாம் மேல்தோல். மனநிலைதான் மாறியிருக்கிறது. ஸ்டீம்பங்க் உலகத்தில் போர் இன்னும் வரவில்லை. தனி ஆள் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அதிசய வண்டி செய்துவிடுவார், சாகசத்துக்குக் கிளம்பிவிடுவார். டீசல்பங்க் உலகம் பதுங்குகுழிகளைப் பார்த்துவிட்ட உலகம். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் சொம் ஆற்றுப் பக்கம் முதன்முதலாக டாங்கி வண்டிகள் சேற்றில் ஊர்ந்து வந்தன. அன்றைக்கு அந்தப் பழைய வெள்ளந்தித்தனம் முடிந்தது. அதனால் இங்கே கதாநாயகன் பணக்கார விஞ்ஞானியாக இருப்பது அபூர்வம். மெக்கானிக், விமானி, லாரி டிரைவர், துப்பறிகிறவன், மில் தொழிலாளி என்று இருப்பான். இயந்திரமும் தனி ஆளுடையதாக இருக்காது. அரசாங்கத்துடையதாக, கம்பெனியுடையதாக, ராணுவத்துடையதாக இருக்கும்.

நம்ம சீமையில் இந்த இரண்டு காலத்தையும் பிரித்துக் காட்டுவது சுலபம். நீராவிக் காலம் 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததோடு வந்தது. 1880-களில் பாபநாசத்தில் ஹார்வி மில், 1906-ல் வ.உ.சி.யின் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள், 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், அதையடுத்து அவர் கைதானபோது திருநெல்வேலியே கொதித்து எழுந்தது, 1911-ல் மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் வாஞ்சிநாதன் சுட்டது. நிலக்கரியும் புகையும் இல்லாமல் இதில் எதையும் சொல்ல முடியாது. யாராவது இதை ஸ்டீம்பங்க்காகச் செய்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

டீசல் காலம் நம்மிடம் பஸ்ஸாக, அரிசி மில்லாக, பம்பு செட்டாக, டூரிங் டாக்கீஸாக வந்தது. தாமதமாக வந்து, நீண்டநாள் தங்கியது. ஐரோப்பாவில் 1950-ல் முடிந்த காலம் எங்கள் ஊரில் நான் சின்னப்பையனாக இருந்தபோதுகூட முடியவில்லை. நியூயார்க் ஆள் ஒருவர் இதைப் படங்களைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நம்ம தாத்தாக்கள் அதன் கிரீஸைக் கையில் தடவியிருக்கிறார்கள்.

இரண்டு காலத்துக்கும் நடுவில் ஒரு காட்சி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸுக்கு வந்து குண்டு வீசியது. இன்றைக்கும் 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன். அது நிலக்கரியில் ஓடிய நீராவிக் கப்பல். அது குறிவைத்தது துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. கரிக் கப்பல் வந்து எண்ணெயைக் கொளுத்திவிட்டுப் போனது. நான் ஒரு டீசல்பங்க் கதை எழுதினால் முதல் பக்கத்தில் அந்தத் தீயைத்தான் வைப்பேன்.

ஆனால் என்னைப் பல வருடமாக விடாமல் பிடித்திருப்பது வேறு ஒன்று. ஆகாயக் கப்பல்.

டீசல்பங்க் படங்களில் வானத்தில் ஒரு பெரிய சுரைக்காய் மாதிரி மிதந்துகொண்டிருக்குமே, அது. பலரும் அதை அலங்காரத்துக்குப் போடுகிறார்கள். ஆர்-101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பலின் கதை தெரிந்தால் அப்படிப் போட மனசு வராது. அதன் நீளம் 777 அடி. நம்ம நெல்லையப்பர் கோயில் நீளம் 850 அடி என்பார்கள். கோயிலின் மேல் அது வந்து நின்றால் நீளவாக்கில் கோயிலை ஏறக்குறைய மூடிவிடும். ரத வீதியில் நிற்கிற உங்களுக்கு அந்த அளவு சட்டென்று பிடிபடும். அது எங்கே வருவதற்காகக் கட்டப்பட்டது? இந்தியாவுக்கு. இங்கிலாந்திலிருந்து எகிப்து வழியாகக் கராச்சி. கராச்சியில் அதற்காகப் பிரம்மாண்டமான கொட்டகையே கட்டி வைத்துவிட்டார்கள்.

இப்போது கவனியுங்கள். அதில் ஐந்து டீசல் இஞ்சின்கள். அந்தக் காலத்தில் ஆகாயக் கப்பலுக்கு பெட்ரோல் இஞ்சின்தான் வழக்கம், எடை குறைவு. ஆனால் இந்தியா மாதிரி வெயில் நாட்டுக்குப் போகிற வழியில் பெட்ரோல் ஆவியாகித் தீப்பிடிக்கும் என்று பயந்தார்கள். அதனால் கனமான டீசல் இஞ்சினைப் போட்டார்கள். நம்ம வெயிலுக்குப் பயந்து! எடை கூடியது. தூக்கும் சக்தி போதாமல் போனது. கப்பலை நடுவில் வெட்டி நீட்டினார்கள். சோதனை ஓட்டங்களை முழுதாக முடிக்கக்கூட நேரம் விடாமல் 1930 அக்டோபர் 4 மாலை கிளம்பியது. விமானத்துறை அமைச்சரே உள்ளே இருந்தார். அன்று இரவு மழையும் காற்றும். விடிவதற்குள் பிரான்ஸில் போவே ஊர்ப் பக்கம் தரையில் மோதி எரிந்தது. இருந்த 54 பேரில் 48 பேர் போய்விட்டார்கள். தீக்குப் பயந்து டீசலைப் போட்டவர்கள், கப்பலைத் தூக்குகிற பைகளுக்குள் நிரப்பியிருந்தது சட்டென்று பற்றிக்கொள்கிற ஹைட்ரஜன். ஏழு வருடம் கழித்து 1937 மே 6 அன்று அமெரிக்காவில் எரிந்த ஹிண்டன்பர்க்கிலும் இதே சேர்க்கைதான்: நான்கு டீசல் இஞ்சின், மேலே ஹைட்ரஜன்.

ஒரு சாம்ராஜ்யத்தின் அவசரம், நம்ம வெயில் பற்றிய பயம், தப்பான கணக்கு, அதில் செத்துப்போன மெக்கானிக்குகள். இவ்வளவும் அந்த மிதக்கிற உருவத்துக்குள் இருக்கிறது.

சரி, தோற்றத்துக்கு வருவோம். நீங்கள் ஓவியம் படிப்பதால் இதைத்தான் அதிகம் எதிர்பார்ப்பீர்கள்.

1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்துதான் 'ஆர்ட் டெகோ' என்ற பெயர் பிறந்தது. படிப்படியாக ஏறுகிற கட்டடம், உதயசூரியக் கதிர், இணைகோடுகள், ஜிக்ஜாக். நியூயார்க்கின் 1930 கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியில் இருப்பது அதுதான். அதற்கு அடுத்த கட்டம் காற்றைக் கிழிக்கிற வளைவு வடிவம். ரயிலுக்கும் விமானத்துக்கும் அது காரணத்தோடு வந்தது. அப்புறம் நகராத பொருள்களுக்கும் பரவியது. ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர் பென்சில் சீவும் கருவியைக்கூடக் கண்ணீர்த்துளி வடிவத்தில் செய்தார். வேகம் என்பது பக்தியாகிவிட்ட காலம். 1939 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 1960-ம் வருடத்து ஊரைப் பெரிய பொம்மை நகரமாகச் செய்து வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். செப்டம்பரில் போர் வந்துவிட்டது.

இதைப் பார்க்க நியூயார்க் போக வேண்டாம். மும்பை மெரைன் டிரைவ் பக்கத்து ஆர்ட் டெகோ கட்டடங்களை யுனெஸ்கோ 2018-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சென்னை பாரிமுனையில் 1940-ல் கட்டிய டேர் ஹவுஸ் இருக்கிறது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், திருநெல்வேலி டவுன் தெருக்களில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் நடுவில் படிக்கட்டு மாதிரி உயர்ந்திருக்கும். அதில் சிமெண்டில் சூரியக் கதிர், கீழே மூன்று இணைகோடு, நடுவில் வருடம். 1936, 1941 என்று. திண்ணை அப்படியே இருக்கும், தேக்குத் தூண் அப்படியே இருக்கும், மாடி மூலை மட்டும் கப்பல் முனை மாதிரி வளைந்திருக்கும். கொத்தனார் எங்கோ ஒரு படத்தைப் பார்த்திருப்பார், இல்லை கொழும்புக்கோ பர்மாவுக்கோ போய்வந்த வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். உள்ளே போனால் வட்டமான கறுப்பு பேக்கலைட் சுவிட்ச் இருக்கும். அதன் குமிழைக் கீழே தட்டினால் வருகிற 'டக்' சத்தத்துக்கு ஒரு கனம் உண்டு. இடித்துவிடுவதற்குள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கத் தவறிய வீடுகள் நிறைய.

எழுத்தையும் கவனிக்க வேண்டும். உங்கள் கதை 1940-ல் நடக்கிறது என்றால் பெயர்ப்பலகையில் இன்றைய எழுத்து வரக்கூடாது. 1978 அரசாணைக்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் துதிக்கை தூக்கிய மாதிரி இருக்கும். ணா, றா, னா மூன்றும் காலை மடக்கிச் சுழித்திருக்கும். அந்தத் துதிக்கை ஆர்ட் டெகோ வளைவோடு எவ்வளவு அழகாகச் சேரும் என்று ஒருமுறை வரைந்து பார்த்தால் விடமாட்டீர்கள். சொற்களும் அப்படித்தான். ஆகாயக் கப்பல், கம்பியில்லாத் தந்தி, பேசும் படம், மோட்டார் வண்டி. அந்தக் காலத்தார் புதுப்பொருளைப் பார்த்து வியந்து வைத்த பெயர்கள். 'பேசும் படம்' என்று எழுதியதுமே படம் பேசுவது அதிசயமாக இருந்த நாளுக்குப் போய்விடுகிறோம்.

நிறம். மேற்கே எல்லாரும் சாம்பல், பழுப்பு, துரு என்று ஒரே மாதிரி வரைகிறார்கள். அவர்கள் ஊர் வானம் அப்படி. நம்ம சீமையில் பஸ்ஸில் ஒரு நாள் சுற்றினால் நாலு நிலம் மாறும். கோவில்பட்டி, கயத்தாறுப் பக்கம் கரிசல், கிரீஸ் மாதிரி கறுப்பு. உடன்குடி, திசையன்விளைப் பக்கம் தேரி, ரத்தச் சிவப்பு மணல்மேடு. தூத்துக்குடி உப்பளம், கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை. தாமிரபரணிக் கரை, நெல் பச்சை. இந்த நாலின் மேல் இரும்பை வையுங்கள். தேரிச் சிவப்பில் பாதி புதைந்த ஒரு டாங்கி, உப்பளத்துக்கு நடுவில் ஆகாயக் கப்பலைக் கட்டிவைக்கிற நங்கூரக் கோபுரம். யாரும் இதுவரை வரையாத டீசல்பங்க் அது.

இந்த வகையில் இருண்ட வழி, வெளிச்ச வழி என்று இரண்டு உண்டு. ஒன்றில் போர் முடியவே முடியாது; இன்னொன்றில் கண்காட்சியில் காட்டிய நகரம் உண்மையாகவே வந்துவிடும். இரண்டையும் ஒரே படத்தில் பார்க்க வேண்டுமானால் 1927-ல் வந்த 'மெட்ரோபாலிஸ்' என்ற ஜெர்மன் ஊமைப்படத்தைப் பாருங்கள். மேலே வானளாவிய கோபுரங்கள், கீழே இயந்திரத்தோடு இயந்திரமாக ஆடுகிற தொழிலாளிகள். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டவர்களே.

இனிச் சொல்வதை நீங்கள் மறக்கக்கூடாது. 'பங்க்' என்ற பாதி. அது வெறும் வால் இல்லை. இந்த அழகுக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்பதுதான் அந்தப் பாதியின் வேலை. 1909-ல் இத்தாலியில் மாரினெட்டி என்ற கவிஞர் வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடி ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதே பிரகடனம் போரையும் கொண்டாடியது. அவர் பின்னால் முசோலினியோடு போய்ச் சேர்ந்தார். இரும்பின் பளபளப்புக்கும் பூட்ஸ் கால்களுக்கும் அந்தக் காலத்தில் அவ்வளவு நெருக்கம். நாஜிச் சீருடை பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று அதை ஸ்டைலுக்காக வரைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். 1942, 43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துப்போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று நம்மவர்கள் அதைச் சொல்கிறார்கள். தமிழில் டீசல்பங்க் எழுதுகிறவன் அந்தத் தண்டவாளத்தை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம். கதையில் அதை நேரடியாகக் காட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு வீட்டில் ஒரு போட்டோவுக்கு மாலை போட்டிருந்தால் போதும்.

இப்போது உங்கள் சித்திரக்கதை. நான் செய்வதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கயத்தாறு. கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட ஊர். அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. கரிசல் நடுவில், பருத்திக் காட்டுக்கு நடுவில் ஓடுதளம். இன்றைக்கு அந்த வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆர்-101 அன்று இரவு எரியாமல் கராச்சி வந்து சேர்ந்திருந்தால், அடுத்தடுத்து இன்னும் கப்பல்கள் கட்டியிருந்தால், கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போகிற வழியில் தெற்கே ஒரு நங்கூரக் கோபுரம் தேவைப்பட்டிருக்கும். கயத்தாறில் நிறுத்துங்கள் அதை. நடந்தது ஒரே ஒரு இடத்தில் மாறுகிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். இந்த வகையில் நல்ல கதைகள் அப்படித்தான் கட்டப்படுகின்றன.

உடனே கேள்விகள் வரும். கணவாய்கள் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்ம பழமொழி. அந்தக் காற்றில் 777 அடிக் கப்பலை எப்படிக் கோபுரத்தில் கட்டுவது? லண்டனில் இருந்து வந்த பொறியாளருக்கு ஆனி, ஆடி, ஆவணி தெரியாது. ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். கயிறு பிடிக்க நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். தேர்வடம் பிடித்துப் பழகின ஊர் இது. ஆளைத் திரட்டுவது யார்? கூலி எவ்வளவு? யார் வடத்தைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்று 1935-ல் ஒரு கிராமத்தில் எழுகிற கேள்வி ஆகாயக் கப்பலின் வடத்துக்கும் எழாதா? இந்த இடத்தில்தான் உங்கள் கதையில் 'பங்க்' பிறக்கும்.

பக்கத்தில் வைக்க நிஜச் சாமான்கள் தாராளம். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் ஓடிய கரி பஸ்ஸை விடாதீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு இரும்பு உருளை, உள்ளே அடுப்புக்கரி. கிளீனர் பையன் காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை மூட்டுவான். கரியை முழுதாக எரியவிடாமல் காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதை வடிகட்டி இஞ்சினுக்குள் விட்டால் அது எரிந்து வண்டியை ஓட்டும். மதுரை டி.வி.எஸ். இந்தக் கரிவாயுக் கலன்களைச் செய்தது. பெட்ரோலின் பலம் இதில் வராது. மேடு வந்தால் ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கித் தள்ளணும் என்று ஆச்சி சொல்லுவாள். ஒரு சேலை முழுக்கக் கரிப்புள்ளி விழுந்துபோன வருத்தம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

அப்புறம் பாபநாசம். போர் நடந்துகொண்டிருந்த 1944-ல் அங்கே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்குகிற ராட்சசக் குழாய்கள், கீழே டர்பைன், மேலே பொதிகை. அமைப்பே ஒரு டீசல்பங்க் போஸ்டர். டூரிங் டாக்கீஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்கு வெளியே டீசல் ஜெனரேட்டர் உறுமும், உள்ளே இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் எரிகிற வெள்ளை வெளிச்சத்தில் படம் ஓடும். கூடங்குளத்தையும் மகேந்திரகிரி ராக்கெட் இஞ்சின் சோதனைக் கூடத்தையும் இதில் கொண்டுவர ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அணுவும் ராக்கெட்டும் அடுத்த காலம், அதற்கு அணுபங்க் என்று வேறு பெயர் இருக்கிறது, வேறு கதை செய்யலாம்.

வரைகிறபோது ஒன்றே ஒன்று பாருங்கள். உங்கள் இயந்திரத்தில் எண்ணெய் எங்கே ஊற்றுவார்கள்? சூடு எங்கே வெளியேறும்? யார் எந்த இடத்தில் நின்று கை வைப்பார்கள்? கைபட்டுக் கைபட்டுப் பெயிண்ட் தேய்ந்த இடம் எது? இதற்குப் பதில் இல்லாத இயந்திரம் படத்தில் எவ்வளவு ரிவெட் இருந்தாலும் ஓடாது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஓடாது என்று தெரிந்துவிடும்.

அப்பாவின் பட்டறையில் ஒரு பழைய இஞ்சின் இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு, பொட்டு வைத்து ஓட்டுவோம். முடிந்தால் வாருங்கள். சுற்றும்போது கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற நாலு விரலோடு சேர்த்தே வைக்க வேண்டும், திருப்பி அடித்தால் கை தானாக விலகிக்கொள்ளும். லீவரை நான் தட்டுகிறேன். குவளையை நீங்கள் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.